கால் படாத இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று முதல் வேலைக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் மயில்சாமி வேலை பார்த்த அதே பட்டறைதான். சம்பளத்துக்காகப் போகிறேன், வேறு எதற்கும் இல்லை என்று மகள் மேகலாவிடம் போனில் சொன்னேன். பல்லடத்திலிருந்து கத்தினாள். "அப்பா செத்த எடத்துல போயி எப்படிம்மா நிப்பே?" என்றாள். காலால்தான் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

அலுமினியத்தை உருக்கி, அதில் பீங்கான் மாதிரி கெட்டியான ஒரு தூளைக் கலந்து, மோட்டார் பம்புக்குள் மாட்டும் வளையம் வார்க்கிறார்கள். வெறும் அலுமினியமாக இருந்தால் போர்வெல் தண்ணீரில் வரும் மணல் அரித்துத் தின்றுவிடும். இந்தத் தூள் உள்ளே போனால் எடையும் குறைவு, தேயவும் தேயாது. தூள் கறுப்பாகப் பளபளக்கிறது. கார்பைடு என்கிறார்கள். அதை ஓவனில் காய வைப்பது என் வேலை.

உலைக்குப் பக்கத்துச் சுவரில் அவர் போட்டோ. மாலை போட்ட போட்டோ இல்லை. கம்பெனி அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி ஒரு போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். மேலே "கவனக்குறைவின் விலை உயிர்". கீழே, "மயில்சாமி, உலை ஆப்பரேட்டர். ஈரத் தூளைச் சோதிக்காமல் போட்டதால் இறந்தார்."

நான் ஏழாவது வரைதான் படித்தேன். அதைப் படிக்க அது போதும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழம்பு மீந்துவிட்டது. அளவு இன்னும் கைக்குப் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எஞ்சினியர் பொண்ணு பெனிட்டாவுக்கு நாகர்கோவில் பக்கம். தூள் வேலையை அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள்.

"அக்கா, களி கிண்டுவீங்கல்லா? அதேதான். கொதிக்கிற தண்ணிக்குப் பதிலா உருகுன அலுமினியம். ராகி மாவுக்குப் பதிலா இந்தத் தூள். துடுப்புக்குப் பதிலா மிஷின். கட்டி மட்டும் தட்டிரப்பிடாது."

"அது செரி. மாவக் காய வெக்கறது எதுக்குக் கண்ணு?"

"ஈரம் இருந்தா துடுப்பு அதை அடிக்கு இழுத்துட்டுப் போயிரும்க்கா. உள்ள மாட்டுன தண்ணி சட்டுன்னு ஆவியாயி வெளிய வர வழி தேடும். மேல கெடக்குற உலோகத்தைப் பூரா தூக்கி வீசிட்டு..."

யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல, மிச்சத்தையும் சொல்லு" என்றேன். சொன்னாள். கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பீர்க்கங்காய்த் துவையல் அரைத்தேன். உப்புக் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கலக்குகிற மிஷினில் நிற்பவர் பட்டீஸ்வரன். அன்றைக்கு உலோகம் தெறித்ததில் அவருக்கு முழங்கைவரை வெந்ததோடு போயிற்று. தழும்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. நான் வந்தால் அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொள்கிறார். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அன்னிக்குக் காத்தால அவரு எப்படி இருந்தாரு?"

"எப்பவும் போலத்தானுங்க்கா."

"நெதானமா இருந்தாரா?"

"இருந்தாருங்க்கா. சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தாரு."

போன வருஷம் தை மாதத்தோடு என் வீட்டுக்காரர் குடியை விட்டிருந்தார். அன்று காலை அவர் சட்டை போட்டு நின்றபோது வழக்கம்போல் கிட்டப் போய் மோந்து பார்த்தேன். வாடை இல்லை. இதை இங்கே எழுதி வைப்பது சும்மாதான்.

ஆகஸ்ட் 20, புதன்

முதலாளி சபாபதியின் ரூமுக்குப் போய்க் கேட்டேன். அந்தப் போர்டை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"உக்காரு கலாமணி. நம்மகிட்ட வளையம் வாங்கற கம்பெனிக்காரங்க, இங்க பாதுகாப்பு எப்படின்னு பாக்கறாங்க. அது ஒரு பாடம்."

"பாடத்துக்கு என்ற ஊட்டுக்காரர் மூஞ்சிதான் கெடைச்சுதுங்களா?"

"நடந்தது நெசந்தானே? தூளு ஈரமா இருந்துச்சு. பாக்க வேண்டியது அவன். அவன் பழக்கம் ஊருக்கே தெரியும். அதையெல்லாம் நான் எழுதலையே. அந்த மட்டுக்கு மரியாதை வெச்சிருக்கறேன்."

எழுந்து வந்துவிட்டேன். ஓவன் தட்டுகளைத் தப்பாக அடுக்கிவிட்டேன். காலையில் சாப்பிடாமல் போனதால்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

போர்டு ஓர் ஆணியில்தான் தொங்குகிறது. வேலைக்குப் போனதும் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். சாப்பாட்டு மணிக்குள் யாரோ நேராக்கியிருந்தார்கள். சாப்பிட்டு வந்து மறுபடி திருப்பினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேராக்குவது முதலாளிதான். அவரே வந்து நேராக்குகிறார். அவர் தலை மறைந்ததும் நான் திருப்புகிறேன். பட்டறையில் எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டது. பேக்கிங் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

பட்டீஸ்வரன் சொன்னார், "மயில்சாமி அண்ணன் சொவத்தப் பாத்து நிக்கறது, பள்ளிக்கூடத்துல வாத்தியார் நிக்க வெச்ச மாதிரியே இருக்குதுங்க்கா."

சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். வீட்டுக்கு வரும்வரை என் மேல் எனக்கே கோபம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நான்கு மூலைக்கும் ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டார்கள். இனித் திருப்ப முடியாது. என் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து அதன் மேல் போட்டேன்.

முதலாளி வந்தார். "என்னது அது?"

"துண்டுங்க. காயப் போட்டிருக்கறேன்."

"காயப் போட இந்த எடந்தானா கெடைச்சுது?"

"ஒலை பக்கத்துல வெரசாக் காயுதுங்க."

பேக்கிங் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

ரூமுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"எரக்கப்பட்டுத்தான் உனக்கு வேலை போட்டுக் குடுத்தேன்."

"எரக்கம் மூட்டை தூக்காதுங்க. நான்தான் தூக்கறேன்."

"இன்னொரு வாட்டி அதை மூடுனா வேலைக்கு வர வேண்டாம்."

"செரிங்க. வேலையில்லாட்டி நாள் பூரா எனக்குச் சும்மாதான். கேட்டு முன்னால நின்னு, வர்ற கம்பெனிக்காரங்ககிட்ட எல்லாம் நான்தான் அந்தப் போர்டுல இருக்கறவரு பொண்டாட்டின்னு சொல்லிட்டு இருப்பேன்."

நான் போய் ஓவனைப் பற்ற வைத்தேன். துண்டு அங்கேயே கிடந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேகலா போன் செய்தாள். முதலாளி அவள் வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறார். "ஏம்மா வம்பு? இங்க வந்து எங்ககூட இரு" என்றாள். அப்புறம் மெதுவாக, "அம்மா, அன்னிக்கு அப்பா நெசமாலுமே..." என்று இழுத்தாள்.

சிக்னல் போய்விட்டது. இந்தப் பக்கம் டவர் சரியில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

டவர் நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரேஷன் கடையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர், யார் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரியாமல் பேசிக்கொண்டார்கள்.

"குடிச்சுப்போட்டு ஒலைகிட்ட நின்னா அப்படித்தான் ஆகும்."

"ஆமா, போர்டே வெச்சிருக்கறாங்களாம்."

தோளைத் தொட்டேன். "போர்டுல அப்படி எழுதலீங்க. நான் தெனமும் படிக்கறேன். வேணும்னா கூட்டிட்டுப் போயிக் காட்டட்டுங்களா?" என்றேன். பருப்பு வாங்காமலேயே போய்விட்டார்கள். எனக்கு வரிசை குறைந்தது.

ஆனால் எழுதாததைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். அந்தப் போர்டு அங்கே இருக்கிறவரை படித்துக்கொண்டேதான் இருப்பார்கள். அதைக் கழற்றாமல் நான் எங்கேயும் போவதில்லை, பல்லடத்துக்கும் போவதில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவினோம். பெஞ்ச், மிஷின், ஜன்னல் எல்லாம். ஓவன் பக்கம் மட்டும் தண்ணீர் வரக்கூடாது என்று பெனிட்டா சாக்பீஸால் கோடு போட்டுவிட்டாள். லீவு முடிந்து முதல் வார்ப்புக்கு வேண்டிய தூளை இன்றே காய வைத்து, தட்டுகளில் பரப்பி, ஓவனுக்குள் வைத்து மூடினேன். வெள்ளிக்கிழமை அப்படியே எடுத்து உலையில் போட வேண்டியதுதான். எப்போதும் இப்படித்தான் செய்வார்களாம். போன வருஷம் பூஜை லீவு முடிந்து அந்த முதல் வார்ப்பில்தான் அவர் போனார். அவரும் இப்படித்தான் செய்திருப்பார்.

பெனிட்டா சாயங்காலமே ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். போன வருஷமும் பூஜைக்கு அவள் இல்லை. "எனக்கும் சேத்துப் பொரி எடுத்து வைங்கக்கா" என்றாள்.

அக்டோபர் 1, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பட்டறையில் வாழை கட்டி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தார்கள். முதலாளியம்மா சுலோசனா பட்டுச்சேலையில் வந்தார். நல்ல மனுஷி, யாரையும் கடிந்து பேச மாட்டார். கையில் பித்தளைச் சொம்பு நிறைய மஞ்சள் கரைத்த தீர்த்தம், மாவிலை. நான் முன்னால் நின்றிருந்தேன். பூசாரி முதலாளியைப் பார்த்தார், முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீ அந்த மூலையில போயி நில்லு அம்மிணி. தப்பா நெனைக்காதே" என்றார் முதலாளி.

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனாலும் போனேன். அந்த மூலை என்னுடைய ஓவன் மூலை.

கற்பூரம் காட்டினார்கள். முதலாளியம்மா ஒவ்வொரு மிஷினாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். உலைக்குத் தள்ளி நின்று ஒரே ஒரு துளி தெளித்தார். உலையில் தண்ணீர் ஆகாதென்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாம் முடிந்தபோது சொம்பில் பாதி மீதி. நேராக நான் நின்ற மூலைக்கு வந்தார். ஓவன் கதவைத் திறந்தார். மேல் தட்டை இழுத்தார். சொம்பைச் சாய்த்தார்.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. பட்டறையே திரும்பிப் பார்த்தது. தாலி அறுத்தவள், பூஜை நேரத்தில், சுமங்கலியின் கையை.

"ஏனம்மிணி, கைய உடு."

"இதுல தண்ணி ஆகாதுங்க."

"இது தண்ணியா? பேரூர் கோயில்ல இருந்து கொண்டாந்த தீர்த்தம். மீந்ததக் கால் படாத எடத்துல ஊத்தோணும். இங்க பூராவும் ஆளுக நடக்கறாங்க, வாசல்ல லாரி நிக்குது, ஒரு செடி இல்ல, மரம் இல்ல. இந்தத் தட்டுலதான் ஆரு காலும் படாது." கையை விடுவிக்கப் பார்த்துக்கொண்டே, எனக்குச் சமாதானமாகச் சொல்வதுபோல் சொன்னார், "போன வருசமும் இதுலதான ஊத்துனேன்?"

கற்பூரத் தட்டில் தீ மட்டும் படபடத்தது.

"அப்ப அவரு எங்கிருந்தாருங்க?" என்று கேட்டேன்.

"ஆரு, மயில்சாமியா? வாசல் கேட்டுகிட்ட உக்காந்து பொரிப் பொட்டணம் கட்டிட்டு இருந்தாப்ல."

நான் முதலாளியைப் பார்த்தேன். இந்த ஒன்றைத்தான் சரியாக எழுத வேண்டும். பட்டீஸ்வரன் முகம் வெளிறிப்போனது. பேக்கிங் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பூசாரிக்குக்கூட ஏதோ நடக்கிறது என்று புரிந்துவிட்டது. முதலாளி மட்டும் திடுக்கிடவில்லை. "சுலோ, போதும், வா" என்றார். அவ்வளவுதான். முன்னமே தெரிந்தவர் மாதிரி.

சொம்பை முதலாளியம்மா கையிலிருந்து வாங்கினேன். அண்ணாந்து மீதித் தீர்த்தம் முழுக்கக் குடித்தேன். மஞ்சள் தொண்டையில் கரகரத்தது.

"இங்கயும் ஆரு காலும் படாதுங்க" என்று வயிற்றைக் காட்டிச் சொன்னேன். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "காய வெச்சுத்தான் மூடியிருந்தாரு. தூளு கறுப்பு, நனைஞ்சது தெரியாது. மேல காஞ்சு அடியில கட்டியா கெடந்திருக்குது. அவரு அதைக் காஞ்ச தூளுன்னு நம்பி எடுத்துப் போட்டாரு" என்றேன்.

ஓவனைச் சாத்தினேன். பொரி வாங்காமல் வந்துவிட்டேன்.

வாசலில் பட்டீஸ்வரன் பின்னாலேயே ஓடி வந்தார். "அக்கா, நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்து அந்தத் தட்டைக் கழுவுனப்ப ஓரத்துல மஞ்சக் கறை இருந்துச்சு. என்னன்னு புரியல. ஆனாச் சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருக்கோணும்" என்றேன். தழும்புக் கையை அவர் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேகலாவுக்கு நானே போன் செய்தேன். "உங்கப்பா குடிக்கல" என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 2, வியாழன்

முதலாளியம்மா வீட்டுக்கு வந்தார். கார் சந்துக்குள் நுழையாததால் நடந்தே வந்தார். வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"ராத்திரி பூரா அவர்கிட்ட கேட்டேன் கலாமணி. போன வருசமே அந்த வாரத்துல அவர்கிட்டச் சொல்லியிருக்கறேன், தட்டுல தீர்த்தம் ஊத்துனேனே, அதனால ஏதாச்சும் ஆகியிருக்குமான்னு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, அதை இனி ஆருகிட்டயும் பேசாதேன்னாரு. நான் நம்பிட்டேன். எல்லாம் என்ற கையாலதான்..."

அவர் கையைப் பிடித்தேன். நேற்று வளையல் உடைந்த இடத்தில் கீறியிருந்தது.

"நீங்க தெரியாம ஊத்துனீங்க. அதுக்கு நான் உங்கமேல கோவிச்சு என்ன ஆவப்போகுது? தெரிஞ்சுட்டே போர்டு எழுதுனாரே, அவருக்குத்தான் நான் பதில் சொல்லோணும்."

போகும்போது, "அதக் கழட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

"எப்படிக் கழட்டறாருன்னு இருக்குதுங்களே" என்றேன்.

அக்டோபர் 3, வெள்ளி

உலை காலையிலேயே பற்ற வைத்துவிட்டார்கள். அலுமினியம் உருகிக்கொண்டிருந்தது. முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். இன்றைக்கு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம சொவத்துக்குப் பெயிண்ட் அடிக்கறோம். அப்ப எடுத்தரலாம். எங்க போச்சுன்னு ஆரும் கேக்க மாட்டாங்க."

"கேக்கோணுமுங்க."

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"மாட்டறப்ப எல்லாரையும் நிக்க வெச்சு மாட்டுனீங்களாமா. கழட்டறப்பவும் நிக்க வெய்யுங்க. உங்க கையால கழட்டுங்க. அவரு தூளக் காய வெச்சுத்தான் வெச்சிருந்தாருன்னு வாயால சொல்லுங்க."

"நான் மொதலாளி கலாமணி. ஆளுக முன்னால அப்படியெல்லாம் முடியாது."

"அப்ப நான் ஓவனத் தொறக்கலீங்க."

"வேற ஆளு தொறப்பாங்க."

"தொறக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு வந்து ஓவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அவரும் பின்னாலேயே வந்தார். பட்டீஸ்வரனைக் கூப்பிட்டு ஓவனைத் திறக்கச் சொன்னார். பட்டீஸ்வரன் கலக்குகிற மிஷினை நிறுத்தினார். இரைச்சல் அடங்கியது.

"அக்கா சொன்னாத் தொறக்கறனுங்க."

முதலாளி பெனிட்டாவைப் பார்த்தார். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள், பை இன்னும் தோளில். விஷயம் முழுக்க அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. "என்னைப் பாக்காதீங்க சார்" என்றாள். "நான் அந்தச் சுவரைத்தான் பாத்துட்டிருக்கேன்."

பேக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. உலையில் உலோகம் தயாராக நின்றது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாளை முதல் எந்தப் பட்டறையில் என்னைச் சேர்ப்பார்கள் என்றுகூட ஒரு யோசனை வந்தது. எழுந்திருக்கவில்லை.

முதலாளி ஸ்குரூடிரைவர் கேட்டார். யாரும் நகரவில்லை. அவரே போய் எடுத்து வந்தார், ஸ்டூலையும் அவரே இழுத்துப் போட்டு ஏறினார், என் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டார். ஸ்குரூ நன்றாக முடுக்கியிருந்தது. சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. கடைசி ஸ்குரூ வந்ததும் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி ஏதோ முனகினார்.

"கேக்கலீங்க" என்றேன். "இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

திரும்பினார். அவர் நெஞ்சுக்கு நேராக என் வீட்டுக்காரர் முகம். இரண்டு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூளு காஞ்சுதான் இருந்துச்சு. மயில்சாமி ஒழுங்காத்தான் காய வெச்சிருந்தான்."

"வெச்சிருந்தாரு."

"வெச்சிருந்தாரு" என்றார். "அதுக்கப்புறம் நனைஞ்சுது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இதை எழுதுனேன்."

சொல்லி முடித்ததும் ஸ்டூல் ஆடியது. இரண்டு கையிலும் போர்டு, பிடிக்க அவருக்கு ஒன்றுமில்லை. நான்தான் கிட்டத்தில் இருந்தேன். எழுந்து போய் ஸ்டூலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்து எறங்குங்க மொதலாளி" என்றேன். "உழுந்தீங்கன்னா கவனக்குறைவுன்னு எழுதிப்போடுவாங்க."